இரண்டாம் மதிப்பீட்டாளர்

பாட்டைக் கேட்டால் தலையாட்டுகிறவர்களைத் தெரியும், தொடையில் தாளம் போடுகிறவர்களைத் தெரியும், கண் கலங்குகிறவர்கள்கூட இரண்டொருவர் எனக்குச் சொந்தத்திலேயே உண்டு. பாட்டைக் கேட்டு மார்க் போட்ட மனிதர் ஒருவரைத்தான் தெரியும். திருக்கோகர்ணத்தில் என் எதிர்வீட்டில் பதினோரு வருடம் இருந்தார்.

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் வேதியியல் படித்தவர்களைவிட, பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் அவர் மேசைக்கு முன்னால் நின்று வியர்த்தவர்கள்தான் அவரை அதிகம் நினைவு வைத்திருக்கிறார்கள். அங்கே அவர் முதன்மைத் தேர்வாளர். அவருக்குக் கீழே ஆறு உதவித் தேர்வாளர்கள். அவர்களில் யாராவது ஒரு கேள்விக்கு முழு மார்க் போட்டுவிட்டால் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்வார்.

"முழு மார்க்கா? புள்ள தப்பே பண்ணலையா, இல்ல நீங்க தேடலையா?"

தேடினால் தப்பு கிடைக்கும் என்பது அவருடைய வேதம். கிடைக்கும்வரை தேடுவார். கிடைத்ததும் அரை மார்க்கைக் கழித்துவிட்டு, வெயிலில் வந்தவன் மோர் குடித்ததுபோல் ஒரு மூச்சு விடுவார்.

நான் கல்வித்துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மறுகூட்டலுக்கு எந்தப் படிவம், மறுமதிப்பீட்டுக்கு எந்தப் படிவம், இரண்டுக்கும் யார் கையெழுத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்புவதில்லை. அவர் மட்டும் பகலில் வந்து கேட்பார். அதனால்தான் பழக்கம்.

ஓய்வு பெற்றவர்கள் உருப்படியாக எதையாவது பிடித்துக்கொள்வார்கள். நடைப்பயிற்சி, முதுகுவலி, மருமகன். இவருக்கு ஓசூரில் இருக்கும் மகள் ஒரு கணினி வாங்கி அனுப்பினாள். ஒரு மாதம் கழித்து, பல்கூடத் தேய்க்காமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சூப்பிரண்டு சார், உலகம் பூரா முகாம் நடக்குது சார்! பாட்டுக்கு மார்க் போடுறாங்க. ஒருத்தன் கையிலயும் விடைக்குறிப்பு இல்ல!"

திருட்டு நடக்கிறது என்று போலீசுக்குச் சொல்கிறவர் குரல் அது.

இணையத்தில் இப்படிப் பாட்டுகளுக்கு மதிப்பெண் போடும் குழுக்கள் பல இருக்கின்றனவாம். எந்த ஊர், என்ன வயது என்று தெரியாத ஆட்கள் கூடி, ஒரு பாட்டைக் கேட்டு நட்சத்திரமோ எண்ணோ போட்டு நாலு வரி எழுதுவார்கள். மொத்தத்தின் சராசரி மேலே நிற்கும். இவர் உடனே போய் மார்க் போட்டுவிடவில்லை. தராசு சரியா என்று பார்க்காமல் எடை போடுகிற ஆளா அவர்? ஆறு மாதம் மூன்று குழுக்களை வேவு பார்த்தார். பார்த்ததை, நீள நோட்டில் கோடு போட்டு, ஒப்பீட்டுப் பட்டியலாக எழுதினார். நாற்பது வருட உத்தியோகத்தில் அவ்வளவு சுத்தமான ஒப்பீட்டுப் பட்டியலை நான் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் போட்டதெல்லாம், டெண்டர் யாருக்கு என்று முடிவு செய்த பிறகு போட்டவை.

முதல் குழு, ஐந்து நட்சத்திரக் குழு. அங்கே எல்லாப் பாட்டும் நாலு வாங்கும்.

"ஒருத்தனையும் ஃபெயில் போடாத முகாம் சார் இது. கல்யாண வீட்டுல கை கழுவுறப்ப 'சாப்பாடு எப்படி'ன்னு கேட்டா 'நல்லாருந்துச்சு'ம்போம்ல, அதான் இந்த நாலு."

இரண்டாவது, நூற்றுக்கு மதிப்பெண் போடும் குழு. அங்கே எழுபத்து மூன்றுக்கும் எழுபத்து நாலுக்கும் நடுவே குடும்பப் பகை நடக்கும். ஒரு பாடகரின் பாட்டு வெளியான நிமிடத்தில் இன்னொரு பாடகரின் ரசிகர்கள் வரிசையில் நின்று பூஜ்யம் போடுவார்கள். பிறகு இவர்கள் பாட்டு வரும். அவர்கள் வரிசையில் நிற்பார்கள். இவர் ஒருவனிடம் மரியாதையாக, "எழுபத்து நாலு போட்டிருக்கிறீர்கள், அந்தக் கடைசி நாலு எந்தப் பகுதிக்கு?" என்று கேட்டு எழுதினார். அவன் இவருடைய தாயாரைப் பற்றி ஒரு வரி எழுதினான்.

"எங்க முகாம்ல கேட்டா ஸ்டெப்பைக் காட்டுவாங்க சார்," என்றார் வருத்தமாக.

மூன்றாவது, பத்துக்கு. அரை மார்க்குக்கு இடம் உண்டு. விதிமுறைகள் இருபத்தாறு பத்திகள். தங்கும் விடுதியில் நீச்சல் குளம் இருக்கிறது என்று சொல்கிற பூரிப்போடு என்னிடம் சொன்னார்: "மேல்முறையீட்டுக்குன்னே தனிப் பத்தி இருக்கு சார்!"

பட்டியல் போட்டதோடு விட்டாரா? மூன்று தராசிலும் ஒரே கல்லை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அன்னவாசலில் கல்யாணக் கச்சேரிகளுக்கு கீபோர்டு வாசிக்கும் ஒருவர், சொந்தமாகப் பதினோரு நிமிட மெட்டு ஒன்று போட்டு வைத்திருந்தார். அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஒரே நாளில் மூன்று குழுக்களிலும் அந்த மெட்டை ஏற்றினார். ஏற்றிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நாலாவது நிமிடத்தில் முதல் குழுவில் ஐந்து நட்சத்திரம் விழுந்தது. கீழே, 'முடிவு அபாரம்' என்று ஒரு வரி.

"பதினோரு நிமிசப் பாட்டு சார். நாலு நிமிசத்துல முடிவைக் கேட்டுட்டான்!"

முகாமில் இப்படி ஒருவர் இருந்தார். விடைத்தாளைத் திறந்த காற்றிலேயே மார்க் போட்டுவிடுவார். அவரை இவர் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார். இங்கே யாரை எங்கே அனுப்புவது? இரண்டாவது குழுவில் அந்த மெட்டுக்கு முப்பத்தொன்றும் ஒரு கேலிப் படமும் கிடைத்தன. மூன்றாவது குழுவில் ஒன்பது நாள் எதுவுமே இல்லை. பத்தாம் நாள், எந்த நாட்டுக்காரனோ, ஆறரை போட்டு, ஏழாவது நிமிடத்தில் தாளம் தடுமாறுவதைக் குறிப்பிட்டிருந்தான். இவர் ஓட்டிப் பார்த்தார். தடுமாறியது. அன்றைக்கே அந்தக் குழுவில் பெயரைப் பதிவு செய்தார். அவர் வீட்டில் அன்று பாயசம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சிக்கலும் அந்தப் பாயசத்திலிருந்துதான் தொடங்கியது.

ஒரு கை திருத்தினால் அது அபிப்பிராயம், இரண்டு கை திருத்தினால்தான் மதிப்பீடு என்பது அவர் கொள்கை. முதல் மதிப்பீட்டாளர் போட்டது இரண்டாமவருக்குத் தெரியக்கூடாது. மாணவன் பெயர் இருவருக்குமே தெரியக்கூடாது. விதி சரிதான், நானே நூறு சுற்றறிக்கையில் தட்டச்சு செய்ய வைத்த விதி. இரண்டாவது கைக்கு எங்கே போவது? வீட்டில் ஒன்று இருந்தது.

அவருடைய மனைவி அன்னவாசல் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே சிஸ்டர். எனக்கும் சிஸ்டர்தான். அவருக்கு என்று தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். தினமும் காலை பத்து மணிக்கு முகாம் தொடங்கும். பாடகர் பெயரும் படமும் தெரியாதபடி கணினித் திரையின் மேல்பாதியைப் பழைய காலண்டர் அட்டையால் மறைப்பார். பாட்டு ஓடும். இருவரும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் மார்க்கை எழுதி, மடித்து, பிஸ்கட் டின்னில் போடுவார்கள். பிறகு பிரித்து, முதலில் அவர் தன்னுடையதைக் கணினியில் ஏற்றுவார். எழுந்து நாற்காலியை விடுவார். சிஸ்டர் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தன்னுடையதை ஏற்றுவார். "திருத்தினவுகதான் மார்க்கை ஏத்தணும்" என்பதும் விதி.

அவர் எழுதும் குறிப்பு ஒன்றரைப் பக்கம் இருக்கும். தொடக்கத்துக்கு இரண்டுக்கு ஒன்றரை, பல்லவிக்கு மூன்றுக்கு இரண்டு என்று ஸ்டெப் மார்க். படித்தால் பாட்டுக்கே தலைவலி வரும். சிஸ்டர் தமிழில் ஒரு வரி எழுதுவார். செவிலியர் எழுத்து அது.

'பாடுறவருக்கு மூக்கடைப்பு. மனசு நல்லா இருக்கு. 8.'

'ரெண்டாவது சரணத்தில் மூச்சு வாங்குகிறது. ரத்தம் கம்மி. கீரை சாப்பிடவும். 8½.'

'பிள்ளை பெற்ற வீட்டில் மெதுவாகப் போடலாம். 9.'

கணவர் ஆறரை போட்ட இடத்தில் மனைவி எட்டுக்குக் குறைய மாட்டார். தினமும் பத்தரை மணிக்கு எதிர்வீட்டில் சண்டை கேட்கும்.

"எட்டா? எதுக்கு எட்டு? அந்தப் புள்ள சுருதியே சேரல!"

"சளி புடிச்சா நீங்க சேருவீகளா? எட்டுதான். மாத்த மாட்டேன், போங்க."

விசித்திரம் என்னவென்றால், ஒன்றரைப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை. அந்த ஒரு வரியைப் படிக்க, இயந்திர மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எந்த ஊர்க்காரியோ ஒரு பாட்டுக்காரப் பெண், 'நான் கீரை சாப்பிடுகிறேன், அடுத்த பாட்டைக் கேளுங்கள்' என்று எழுதியிருந்தாள். சிஸ்டர் அதைக் கைபேசியில் எடுத்துவைத்து, பால்காரர் வரைக்கும் காட்டினார்.

இந்த நிலையில், அந்தக் குழுவிலும் பாட்டை முழுக்கக் கேட்காமல் மார்க் போடுகிறவர்கள் இருப்பதை இவர் கண்டுபிடித்தார். சும்மா இருக்கலாம். இருந்தாரா? நேரம், நிமிடம், பாட்டின் நீளம் எல்லாம் போட்டு, பதினோரு பக்கப் புகார் ஒன்றைக் குழுவின் நிர்வாகிகளுக்கு அனுப்பினார். புகார் கொடுத்தவனைத்தான் முதலில் விசாரிப்பது நம் அலுவலகங்களுக்கே உரிய சிறப்பு என்று நான் நினைத்திருந்தேன். உலகப் பொது வழக்கம் போலிருக்கிறது. நான்காம் நாள் ஆணை வந்தது. ஒரே கணினி, இரண்டு நிமிட இடைவெளி, ஒரே பாட்டுகள். ஒரே ஆள் இரண்டு பெயரில் மார்க் போட்டு மோசடி செய்கிறார். இரண்டு கணக்குகளும் நிறுத்தப்படுகின்றன. இரண்டாவது பெயரில் அப்படி ஒரு நபர் இல்லை என்று கருதுகிறோம்.

நான் போனபோது சிஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, இங்கிட்டு உக்காருங்க. நான் இல்லையாம்ணே. அப்ப காலைல இவுகளுக்குப் பிரஷர் பாத்தது யாராம்?"

"எவ்வளவு இருந்துச்சு சிஸ்டர்?"

"நூத்தி அறுவது. கடுதாசி படிச்சப்பறம் பாக்கல."

அவர் சிரிக்கவில்லை. அரை மார்க்கை அநியாயமாகப் போடாத மனிதர், மோசடி என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காப்பி கொண்டுவரச் சிஸ்டர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது சிரிப்பைக் காணோம்.

"முப்பது வருசம் ஊர்ப் பிள்ளைக தடுப்பூசியெல்லாம் ரிஜிஸ்டர்ல எழுதுனேண்ணே. நானா நெனைச்ச ஒண்ணை எழுதுனது இதுல மட்டுந்தான். அதைப் போயி, நான் எழுதலேன்னுட்டாகளே. எப்படியாச்சும் வாங்கிக் குடுங்க."

சர்வீசில் என்னிடம் எத்தனையோ பேர் எதையெதையோ வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ இருக்கிறாய் என்று எழுத்தில் வாங்கிக் கொடுக்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

மற்ற இரண்டு குழுக்களிலும் இப்படி நடந்தால் என்ன வழி என்று ஒப்பீட்டுப் பட்டியலைப் புரட்டினோம். முதல் குழுவில் மேல்முறையீடே கிடையாது. இரண்டாவதில் மேல்முறையீடு செய்தால் இன்னொரு கேலிப் படம் வரும். "தண்டிச்சாலும் இவன் ஒருத்தன்தான் சார் ரூல்படி தண்டிச்சிருக்கான்" என்று தன்னைத் தண்டித்தவர்களைப் பாராட்டினார் இவர். இருபத்தாறாம் பத்தியின்படி முதல் மனுவைப் போட்டோம். இரண்டு விநாடியில் நிராகரிப்பு வந்தது. பதினோரு நிமிடப் பாட்டுக்கு நாலு நிமிடத்தில் மார்க் போட்டவன் இவர்களிடம்தான் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது மனுவை நான் எழுதினேன். பொருள், பார்வை, பத்தி எண், இணைப்பு என்று முறைப்படி. முதல் இணைப்பு, சிஸ்டரின் ஓய்வூதிய உயிர்வாழ்வுச் சான்று. கருவூலமே ஒப்புக்கொண்ட உயிரை ஒரு பாட்டுக் குழு மறுக்க முடியுமா? இரண்டாவது, பிஸ்கட் டின் சீட்டுகளிலிருந்து எடுத்த பட்டியல். இருவரும் மார்க் போட்ட பாட்டுகளில், இருவர் மார்க்கும் ஒத்துப்போனது ஒன்றுகூட இல்லை. 'மேற்படி இருவரும் ஒரே நபராயின் இவ்வளவு காலம் ஒரு பாட்டில்கூடத் தம்முடன் தாமே ஒத்துப்போகாதிருக்க இயலாது' என்று எழுதினேன். என் உத்தியோக வாழ்க்கையின் சிறந்த வாக்கியம் ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது.

அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி ஒரு படமும் சேர்க்கலாம் என்றேன்.

"என்னைய என்ன கடத்திக்கிட்டாண்ணே போயிட்டாக?" என்றார் சிஸ்டர். ஆனாலும் நல்ல சேலை மாற்றி வந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

பதில் வரவில்லை. இரண்டு மாதம் தினமும் காலையில் பார்த்தார்கள். கணக்கு நிறுத்தப்பட்டாலும் முகாம் நிற்கவில்லை. அட்டை, சீட்டு, டின், பத்தரை மணிச் சண்டை எல்லாம் வழக்கம்போல நடந்தன. ஆணை வந்ததும் ஏற்றிவிடலாம் என்று சீட்டுகளை நூலில் கோத்து வைத்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சிஸ்டர் கேட்பார்: "நான் இருக்கேனாண்ணே?"

"பரிசீலனையில இருக்கீங்க சிஸ்டர்."

ஆனி மாதத்தில் ஒரு காலை, கணவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, நோட்டில் குறித்துவிட்டு, அதே நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான். நூற்று நாற்பது என்று குறித்திருந்தார். கையெழுத்து கோணவில்லை.

இறப்புச் சான்று, கருவூலத்துக்குத் தகவல், ஓய்வூதியக் கோப்பு, குடும்ப அட்டையில் பெயர் நீக்கம் எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை என்று நிரூபிக்கும் வேலை எவ்வளவு சுலபம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த ஜன்னலிலும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் கம்புகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஆணை வந்தது. சான்றுகளைக் கவனமாகப் பரிசீலித்தோம். இவர்கள் இரண்டு தனித்தனி நபர்கள் என்று முழுமையாகத் திருப்தியடைகிறோம். இரண்டு கணக்குகளும் மீட்கப்படுகின்றன. தங்கள் மனைவியிடம் எங்கள் வருத்தத்தைத் தெரிவிக்கவும்.

ஆள் போன பிறகு வரும் ஆணைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலவற்றை நானே தாமதப்படுத்தியிருக்கிறேன். அவற்றின் கீழே 'பயனாளி இறந்துவிட்டதால் கோப்பு முடிக்கப்படுகிறது' என்று எழுதி மடிப்பது வழக்கம். அந்த வழக்கப்படி, மேற்படி நபர் காலமாகிவிட்டார், கணக்கை முடித்துவிடவும் என்று ஒரு வரைவு எழுதி மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருபத்திரண்டாம் பத்தி அப்படித்தான் சொல்கிறது. அவர் படித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். மேசை டிராயரில் வைத்து மூடினார்.

"இருக்கட்டும் சார்."

அடுத்த மாதம் மகள் வந்து அவரை ஓசூருக்குக் கூட்டிப் போனாள். கணினியும், காலண்டர் அட்டையும், டின்னும் போயின. எதிர்வீட்டில் இப்போது ஒரு வங்கிக்காரர் இருக்கிறார். பத்தரை மணிக்குச் சத்தமே இல்லை.

மனு எழுதிய காலத்தில் சிஸ்டரின் பக்கத்தைத் தினமும் திறந்து பார்த்த பழக்கம் எனக்கு விடவில்லை. தை பிறந்து சில நாள் கழித்து ஒரு காலை திறந்தேன். புதிதாக ஒரு மார்க். அன்றைய தேதி. நேரம் பத்து இருபத்திரண்டு. கணவர் பக்கத்தைத் திறந்தேன். அதே பாட்டு, பத்து இருபது. அவர் ஆறு. சிஸ்டர் எட்டு. 'தொண்டை கட்டியிருக்கிறது. வெந்நீர் குடிக்கச் சொல்லவும்.'

கோத்து வைத்த பழைய சீட்டாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன். பாட்டு முந்தின நாள்தான் வெளியாகியிருந்தது.

அரை மார்க்குக்காக ஆறு பேரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய மனிதர், எந்தக் குற்றத்திலிருந்து முழுமையாக விடுதலை பெற்றாரோ, அதே குற்றத்தை இப்போது தினமும் காலையில், விதிப்படி இரண்டு நிமிட இடைவெளி விட்டு, செய்துகொண்டிருந்தார். சிஸ்டரின் பக்கத்தில் கீழ் ஓரத்தில் 'புகார் செய்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் என்னென்ன நடக்கும், எத்தனை நாளில் நடக்கும் என்பது இந்த மாவட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அழுத்தவில்லை. ஆனால் தினமும் சரிபார்த்தேன். சரிபார்ப்பது நம் கடமை.

அப்படிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. தையில் இரண்டு மார்க் வித்தியாசம் இருந்தது. மாசியில் ஒன்றரை. பங்குனியில் ஒரு நாள் அவர் ஆறு, சிஸ்டர் ஆறரை. குறிப்பும், 'பல்லவி சுமார்' என்று வறட்சியாக இருந்தது. இப்படியே போனால் இருவரும் ஒருவர்தான் என்று எவனாவது கண்டுபிடித்துவிடுவான். என் மனுவில் உள்ள சிறந்த வாக்கியமும் பொய்யாகிவிடும். ஓசூருக்குப் போன் போட்டேன்.

"சார், நல்லாருக்கீங்களா? நேத்துப் பாட்டுக்கு சிஸ்டர் ஆறரை போட்டிருக்காங்க."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"அவங்க எட்டுக்குக் கொறைய மாட்டாங்களே சார்," என்றேன்.

தொண்டையைச் செருமினார். முகாம் குரலில் கேட்டார்:

"மறுகூட்டலா, மறுமதிப்பீடா?"

"மறுமதிப்பீடு."

"மனு?"

"வாய்மொழிதான் சார். கொஞ்சம் ஏத்துக்கங்க."

என் சர்வீசில் ஒரு வாய்மொழி மனுவைக்கூட நான் ஏற்றதில்லை. அவரும் ஏற்றிருக்க மாட்டார்.

மறுநாள் காலை பத்து இருபத்திரண்டுக்குப் பக்கத்தைத் திறந்தேன். மார்க் மாறியிருந்தது. நான் கேட்டது எட்டு. எட்டரை போட்டிருந்தார்.